டீக்கடைக்காரரின் நோட்டீஸும் ஊற்றுத் தண்ணீரும்

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 31, தனியார் பள்ளி ஆசிரியை, வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஊருக்கு மேலே உள்ள சரிவில் கசியும் ஊற்றுதான் ஊர்த் தொட்டியை நிரப்புகிறது. அந்தச் சரிவின் உச்சியில் சாலையோரம் நான்கு கடைகள், இரண்டு காட்டேஜ்கள். ஓராண்டாகச் சரிவெல்லாம் குப்பை. இவரும் எட்டு நண்பர்களும் குழு அமைத்து பேனர் கட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்வலம் போனார்கள், வாட்ஸப்பில் பூமி சூடாவதைப் பற்றிய படங்களைத் தினமும் அனுப்பினார்கள். யாரும் அசையவில்லை.

ஒரு நாள் டீக்கடை உதவியாளர் ஒரு மூட்டையைச் சரிவில் கவிழ்ப்பதைக் கைபேசியில் எடுத்து, கடைப் பெயரோடு வெளியிட்டார். "இந்த ஆள் காசுக்காக ஊருக்கே விஷம் வைக்கிறார், இந்தத் தண்ணீரால்தான் எங்கள் ஊரில் கேன்சர்" என்று அதில் பேசியிருக்கிறார். 40,000 பேர் பார்த்தார்கள். கடைக்காரர் எஸ்டேட் லைனிலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வந்து கடை போட்டவர். அவருடைய பிறப்பைச் சொல்லிப் பலர் கீழே வசைபாடினார்கள். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: 15 நாளில் வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், 5 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும். 12 நாள் போய்விட்டது. ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர் பக்கமே பேசுகிறார்கள். "உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பா? போலீஸ் வீட்டுக்கு வருமா? ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்லை, இன்னும் பயமுறுத்துகிற மாதிரி ஒரு வீடியோ போட்டால்தான் உறைக்குமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டீஸ் அவசரம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். நீதிமன்றத்தில் உங்களைச் சங்கடப்படுத்தப் போகிற வாக்கியங்கள் எவையோ, அவைதான் ஊரையும் உங்களுக்கு எதிராகத் திருப்பின.

நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. 15 நாள் என்பது சட்டம் வைத்த கெடுவும் அல்ல, அனுப்பியவர் வைத்தது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பதில் தராத நோட்டீஸைப் பின்னால் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். முழுப் பதில் எழுத நேரமில்லை என்றால், "நோட்டீஸ் கிடைத்தது, விரிவான பதில் இன்ன தேதிக்குள் அனுப்பப்படும்" என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் இரண்டு வரி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போகட்டும்.

போலீஸ் வந்து அழைத்துப் போகும் என்று பயப்பட வேண்டாம். அவதூறு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் இருக்கிறது. அதிகபட்சம் இரண்டாண்டு சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பிணையில் விடக்கூடிய குற்றம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்ட்ரேட்டிடம் புகார் கொடுத்தால்தான் வழக்கு நகரும். அதற்கு அவருக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போடுவதென்றால், வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும்.

"உண்மைக்கு எப்படி வழக்கு?" என்ற உங்கள் கேள்வியில் ஒரு சிறிய தவறு இருக்கிறது. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் தப்பலாம். குற்ற வழக்கில் அது மட்டும் போதாது: சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டுவது உங்கள் பொறுப்பு. இப்போது உங்கள் வீடியோவைப் பிரித்துப் பாருங்கள். மூட்டையைக் கவிழ்த்தது கண்ணால் கண்டது, படமும் இருக்கிறது, அது நிற்கும். "தண்ணீர் விஷம்" என்பது ஊகம், கையில் ஒரு பரிசோதனை அறிக்கைகூட இல்லை. "காசுக்காக" என்பது அவர் மனதுக்குள் இருப்பதைப் பற்றியது, அதை நீங்கள் எதை வைத்தும் நிரூபிக்க முடியாது. கேன்சர் பற்றிச் சொன்னது எல்லாவற்றிலும் பலவீனம். எந்தப் புற்று, எந்த வயதில், எத்தனை ஆண்டுக்குள், அதே அளவு மக்கள் உள்ள வேறு ஊரில் எத்தனை என்று தெரியாமல் ஒரு மருத்துவர்கூட அதைச் சொல்லத் துணிய மாட்டார். நான்கில் ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் ஆதாரத்தோடு இருக்கிறது. அதை மட்டும் சொல்லியிருந்தால் இந்த நோட்டீஸுக்கு வேலையே இருந்திருக்காது.

இன்றைக்கே செய்ய வேண்டியது: வீடியோவை அழிக்காதீர்கள், பிறர் பார்க்க முடியாதபடி தனிப்பார்வைக்கு மாற்றுங்கள். அதை எடுத்த கைபேசி, வெட்டாத மூலக் கோப்பு, எடுத்த தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வாட்ஸப்பில் சுற்றி வந்த மூன்றாம் கைப் பிரதியை வைத்து அதைச் சுத்தமாகக் கொடுக்க முடியாது. பின்னூட்டங்களைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு பின்னூட்டப் பகுதியை மூடிவிடுங்கள். சாதியையும் பூர்வீகத்தையும் சொல்லித் திட்டியவர்கள் மேல் வரக்கூடிய வழக்கு அவதூறைவிடப் பெரியது. அதற்கு மேடை கொடுத்தவர் என்ற பேர் உங்களுக்கு எதற்கு?

மன்னிப்பா என்றால், எதற்கு என்று பிரிக்க வேண்டும். பதிலில் ஏறத்தாழ இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் உங்கள் கடையிலிருந்து ஒரு மூட்டை சரிவில் கொட்டப்பட்டதை என் கட்சிக்காரர் நேரில் பார்த்துப் பதிவு செய்தார், அதில் அவர் உறுதியாக இருக்கிறார். தண்ணீரின் தரம், நோய், உங்கள் நோக்கம் பற்றிச் சொன்னவை ஆதாரம் இல்லாமல் சொல்லப்பட்டவை. அவற்றைத் திரும்பப் பெறுகிறார். பிறர் எழுதிய வசைகளுக்காக வருந்துகிறார். சரிவைச் சுத்தம் செய்வது பற்றி ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசத் தயாராக இருக்கிறார்." இது உங்களைத் தாழ்த்தாது. அவருடைய வக்கீலுக்கு அடுத்த கடிதம் எழுதுவதையும் கடினமாக்கும். 5 லட்சம் என்பது பேரத்தின் முதல் விலை, அதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

தண்ணீரில் உண்மையில் என்ன இருக்கிறது?

பேப்பர் கப்பும் பாலிதீன் பையும் சரிவில் கிடப்பதால் தொட்டித் தண்ணீரில் கிருமி வராது. அவை ஓடையை அடைக்கும், கடமானும் காட்டெருமையும் தின்னும், எரித்தால் புகை. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிருமி பெரும்பாலும் மனித, மாட்டுக் கழிவிலிருந்து வருவது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: மேலே உள்ள இரண்டு காட்டேஜ்களின் கழிவுநீர்க் குழி ஊற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. நீங்கள் கேமராவைத் திருப்பியிருக்க வேண்டிய பக்கம் அதுவாகக்கூட இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், சோதித்தால்தான் தெரியும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள், அது கிருமி நீக்கியது. மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனால் முடிவு செல்லாது. மூடியின் உட்பக்கத்தில் கை படக்கூடாது. பாட்டில் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிரப்பி, மேலே இரண்டு விரல்கட்டை காற்றுக்கு இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து முடிந்தால் 6 மணி நேரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். மூன்று இடத்தில் எடுங்கள்: குழிக்கு மேலே, ஊற்று வாயில், தொட்டிக் குழாயில். மேலே சுத்தமாகவும் ஊற்றில் கெட்டும் இருந்தால் இடையில் ஏதோ சேர்கிறது என்று பொருள். ஊற்றில் சுத்தம், குழாயில் கெட்டது என்றால் கோளாறு தொட்டியிலோ குழாயிலோ; அதைக் கவனிக்காமல் விட்டது உங்கள் ஊர்தான். ஒருமுறை வெயில் காலத்தில், ஒருமுறை ஐப்பசி மழைக்கு நடுவே எடுத்தால் ஒப்பிட முடியும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500-இன்படி 100 மில்லியில் ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கவே கூடாது; நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நைட்ரேட்டைச் சோதிக்கும்போது ஒன்றுக்குத் தயாராக இருங்கள். கழிவுநீரிலிருந்தும் அது வரும், தேயிலைக்குப் போடும் யூரியாவிலிருந்தும் வரும். ஊற்றுக்கு மேலே யாருடைய தோட்டம் இருக்கிறது? உங்கள் சித்தப்பாவுடையது என்று வந்தால் அந்த அறிக்கையையும் ஊர் முன்னால் படிக்கத் துணிவிருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். படிக்க மாட்டோம் என்றால் சோதனைக்கே போக வேண்டாம், ஏனென்றால் நமக்குப் பிடித்த அறிக்கையை மட்டும் வெளியிடுகிற குழுவை ஊர் இரண்டாவது முறை நம்பாது.

கறுப்பாக மாறும் சின்னக் கண்ணாடிக் குப்பிச் சோதனை (ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்பார்கள்) கூட்டத்தில் காட்ட நல்லது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் கறுக்கும். ஆனால் அது வெதுவெதுப்பில் வேலை செய்வது. மார்கழிக் குளிரில் ஜன்னலோரம் வைத்துவிட்டு "கறுக்கவில்லை, தண்ணீர் சுத்தம்" என்று அறிவித்துவிடாதீர்கள். 25 முதல் 35 டிகிரி இருக்கும்படி சமையலறைப் பக்கம் துணி சுற்றி வையுங்கள். கறுத்தாலும் அது சந்தேகத்துக்கான அடையாளம்தான். தீர்ப்புக்கு ஆய்வக அறிக்கை வேண்டும். முடிவு வரும்வரை ஊரில் சொல்ல வேண்டியது ஒன்றே: குடிக்கிற தண்ணீரை, உயரமான இடம் என்பதால், தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று நிமிடம் விடுங்கள்.

ஏன் யாரும் அசையவில்லை

"விழிப்புணர்வு இல்லை" என்று கடிதத்தில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் அந்தச் சரிவைத் தாண்டி இலை பறிக்கப் போகிற பெண்களுக்கு, அங்கே குப்பை இருக்கிறது என்று உங்கள் பேனர் சொல்லியா தெரிய வேண்டும்? தெரியாததால் அல்ல, தெரிந்தும் வேறு வழி இல்லாததால்தான் பெரும்பாலானவர்கள் கொட்டுகிறார்கள். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், எந்த வளைவில் நிற்கும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொன்னால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

டீக்கடைக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் ஏன் பேப்பர் கப் வைக்கிறார்? கண்ணாடி டம்ளர் என்றால் கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், கோத்தகிரிக் குளிரில் கை விறைக்காமலிருக்க அது வெந்நீராகவும் வேண்டும். சாலையோரக் கடைக்குக் குழாய் இணைப்பு இருக்கிறதா? சீசனில் வண்டியை அணைக்காமலே டீ வாங்குகிறவர்களுக்கு டம்ளரைக் கொடுத்தால் திரும்பி வருமா? இதையெல்லாம் கேட்காமல் 'பிளாஸ்டிக் அரக்கன்' என்று எழுதினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். உங்களிடமும் ஒரு பிழை. "பிளாஸ்டிக் கப் வேண்டாம், பேப்பர் கப் பயன்படுத்துங்கள்" என்று உங்கள் பேனரில் இருக்கிறது. அந்தப் பேப்பர் கப்பின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு; 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. துணி போலத் தெரியும் நெய்யாத பையும் அப்போது அதே பட்டியலில் சேர்க்கப்பட்டதுதான். பேனரே ஃப்ளெக்ஸ் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நீலகிரியிலேயே கண்ணெதிரே ஒரு பாடம் இருக்கிறது. காட்டு விலங்குகளின் காலைக் கிழித்த மதுபாட்டில்களுக்காக எத்தனை பலகை வைத்தும் பயனில்லை. 2022-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபின், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இந்த மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. வீசி எறிகிறவர் எறிந்தாலும், பொறுக்கிக் கொடுக்க இன்னொருவருக்கு அதில் பத்து ரூபாய் இருக்கிறது. குடிப்பவரின் மனசாட்சியை யாரும் தட்டவில்லை.

ஊர் ஏன் உங்களுக்கு எதிராகத் திரும்பியது என்பதற்கும் பதில் உங்கள் வீடியோவிலேயே இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சரிவில் கிடப்பவற்றில் டீ கப் கொஞ்சம்தான். ஷாம்பு சாஷே, குழந்தை டயப்பர், பெரிய தண்ணீர் பாட்டில், கோழிக்கடைக் கழிவு, ஏன், உங்கள் ஊர்க் கல்யாணத்தின் இலையும் கப்பும்கூட இருக்கலாம். நூறு பேர் போட்டதற்கு ஒரே ஆள் முகத்தைக் காட்டினீர்கள்; அதுவும் நால்வரில் மிகச் சிறிய கடைக்காரர், கேட்க ஆளில்லாதவர். பெரியவர்கள் "பேசித் தீர்த்திருக்கலாம்" என்றதைக் குப்பைக்கு ஆதரவு என்று படிக்காதீர்கள். இது நியாயமில்லை என்பதைத்தான் அவர்கள் தங்கள் பாஷையில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் பயமுறுத்தும் வீடியோ வேண்டாம். பயம் காட்டும்போது கூடவே கைக்கெட்டிய ஒரு வேலையும் கொடுத்தால் மனிதர் நகர்வார். பயத்தை மட்டும் கொடுத்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார், அல்லது சொன்னவரைத் திட்டுவார்.

எப்படிச் சொல்வது

'பொதுமக்கள்' என்று ஒரு கூட்டம் கிடையாது. உங்களுக்கு வேண்டியவர்களை எண்ணிவிடலாம்: நான்கு கடைக்காரர்கள், இரண்டு காட்டேஜ் உரிமையாளர்கள், குப்பை வண்டி ஓட்டுநரும் அவருடைய மேற்பார்வையாளரும், ஊராட்சிச் செயலர், தொட்டி இயக்குபவர், ஊர் கவுடர் (ஊர்த் தலைவர்), மகளிர் குழுத் தலைவிகள். ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அவரிடம் போய்ப் பேச இன்னும் நேரம் வரவில்லை. 40,000 பேர் பார்த்த வீடியோவை இந்தப் பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன செய்ய முடிந்தது?

'சதுப்புநிலம்', 'பல்லுயிர்ப் பெருக்கம்', 'நிலைத்த வளர்ச்சி' போன்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். அந்த ஊற்றுக்கும் அதைச் சுற்றிய ஈர நிலத்துக்கும் உங்கள் படகப் பேச்சில் பெயர் இருக்கும். அதையே எழுதுங்கள், அதையே சொல்லுங்கள். கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர். 2024-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறியது. ராம்சார் என்றால் என்ன என்று சந்தையில் நூறு பேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்களோ. "சுத்துப்பட்டு ஊர்களுக்குத் தண்ணி அங்கிருந்துதான்" என்றால் விளக்கமே வேண்டாம். பூமியின் சராசரி வெப்பநிலைப் படத்துக்கும் இதே கதிதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி மலை சரிந்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சரிவில் குப்பை அடைத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று அந்த நினைவைத் தொட்டுப் பேசலாம், மிகைப்படுத்தாமல். கரடியும் அப்படித்தான். அதை இழுப்பது எச்சில் சாப்பாடும் எண்ணெயும், கோழிக் கழிவும், பாலிதீன் அல்ல. விடிகாலையில் பால் ஊற்றப் போகிறவருக்கு இந்த ஒரு தகவல் போதும், ஈரக் குப்பையைத் தனியாகப் பிரிக்க அவருக்கே காரணம் கிடைத்துவிடும்.

"எல்லோரும் இங்கே குப்பை போடுகிறார்கள், வெட்கம்!" என்ற பலகையைக் கழற்றுங்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவில் உளவியல் அறிஞர் ராபர்ட் சால்தினி குழு இதைச் சோதித்தது. பாதையில் கல்லான மரத்துண்டுகளை அடையாளமிட்டுப் போட்டு, இரண்டு விதமான பலகை வைத்தார்கள். "முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப் போனதால் காடு மாறிவிட்டது" என்ற பலகை இருந்தபோது ஏறத்தாழ 8 சதவீதத் துண்டுகள் திருடுபோயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. பலர் செய்கிறார்கள் என்று சொல்வதே அனுமதி மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே செய்யாதவர்களை எண்ணுங்கள். வீடு வீடாகப் போய், குப்பையை வண்டியிலேயே போடுகிறவர்கள் எத்தனை வீடு என்று கணக்கெடுங்கள். பாதிக்கு மேல் என்றால் எண்ணை எழுதி ஒட்டுங்கள். பாதிக்குக் கீழ் என்றால் "போன மாதத்தைவிட இத்தனை வீடு கூடியது" என்று எழுதுங்கள், கூடியிருந்தால். பொய்க்கணக்கு வேண்டாம், ஹட்டியில் அது அரை மணி நேரம்கூடத் தாங்காது.

"மனிதா, விழித்தெழு!" பேனருக்குப் பதில் இப்படி:

"இங்கே போடுவது நம் தொட்டிக்கு மேலே கிடக்கிறது. குப்பை வண்டி: செவ்வாய், வெள்ளி, காலை 8 மணி, பள்ளி வளைவு. வராவிட்டால் அழைக்க: (ஊராட்சி எண்)."

கிழமையும் நேரமும் உண்மையாக இருந்தால்தான் எழுத வேண்டும். வண்டி வராத ஊரில் இந்தப் பலகை கேலிக்கூத்து. வண்டியை வரவைப்பதுதான் முதல் வேலை, பலகை அடுத்தது. ஃப்ளெக்ஸ் வேண்டாம், தகரத்தில் எனாமல் பெயிண்ட். மூடுபனிக்கு மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து. மூன்று மீட்டரில் நின்று படிப்பவருக்கு எழுத்து உயரம் 2.5 செ.மீ. இருக்கலாம், பஸ்ஸிலிருந்து 15 மீட்டரில் படிக்க 12 செ.மீ.யாவது வேண்டும். சுவரென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொதுச் சுவரில் ஒட்டுவதற்கு எதிராக 1959-இலிருந்தே சட்டம் இருக்கிறது. மரத்தில் ஆணி அடிக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.

வாட்ஸப்பில் தினம் ஒரு படம் என்பதை நிறுத்திவிட்டு, மாதம் இரண்டு குரல்பதிவு போதும். ஒரு நிமிடத்துக்குள், படகத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பேசுவது நீங்களாக இருக்க வேண்டாம். தொட்டி இயக்குபவர் தண்ணீரைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள். இலை எடை போடும் இடத்தில் வரிசையில் நிற்கிற நேரம் நல்ல நேரம். பருவ இலை குவிகிற வாரங்களில் மட்டும் அங்கே போய் நிற்காதீர்கள். பள்ளி ஊர்வலம் இனி வேண்டாம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் முகத்தைப் பதிவிட்டதையும் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் போவது நோட்டீஸுக்குப் பதில் போனபிறகு, வழக்கறிஞருக்குத் தெரிவித்துவிட்டு, கவுடரோடு. கேமரா இல்லாமல் போங்கள். கேட்க வேண்டியவை: நாளைக்கு எத்தனை கப், மாதம் அதற்கு எவ்வளவு ரூபாய், குப்பையை எடுக்க யாராவது வருகிறார்களா, தண்ணீர் எங்கிருந்து. கப் செலவின் இரண்டு மூன்று மாதத் தொகை சேர்ந்தால் எத்தனை எவர்சில்வர் டம்ளர் வரும் என்று அங்கேயே அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நான்கு கடைக்கும் சேர்த்துக் கழுவ ஒரு ஆள், ஒரு தண்ணீர்த் தொட்டி என்று பேச்சு வந்தால் பாதி வேலை முடிந்தது.

எழுத்தில் ஏற்ற வேண்டியவை

பேச்சோடு இதுவும் நடக்கட்டும், ஏனென்றால் காட்டேஜ் குழி பேச்சில் அடங்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் பகுதிக்குக் குப்பை எடுக்கும் கால அட்டவணையின் நகல், கடைசி ஆறு மாத வண்டிப் பதிவேடு, இரண்டு காட்டேஜ்களின் கட்டட அனுமதியும் கழிவுநீர் ஏற்பாட்டு வரைபடமும், தொட்டி நீரின் கடைசி இரண்டு பரிசோதனை அறிக்கைகள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம் என்பதால் உங்கள் விஷயத்துக்குப் பொருத்தம். தீர்மானத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள், எந்த நிதியில் என்ற நான்கும் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டே எழுந்திருங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் ஒரே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சரிவு யாருடைய நிலம் என்று வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் பார்த்துக்கொண்டு போங்கள். வனத்துறை நிலம் என்றால் மனு வன அலுவலருக்குப் போக வேண்டும்.

இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று. சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நஷ்டஈடோ, கெட்ட இடத்தைச் சீராக்குவதோ கேட்டால் மட்டும் கெடு ஐந்தாண்டு. குப்பை ஓராண்டாகக் கிடக்கிறது என்கிறீர்கள். காட்டேஜ் குழி எப்போது தோண்டியது? அந்தத் தேதி தெரிந்தால்தான் வாசல் திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். அதை முதலில் விசாரியுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸை அது வந்த உறையோடு எடுத்துப் போங்கள், கிடைத்த தேதி அதில்தான் இருக்கும். மூலக் கைபேசி, பின்னூட்டங்களின் படங்கள், அந்தச் சரிவின் படங்கள், குழுவினர் எட்டுப் பேரில் அன்று கூட இருந்தவர்களின் பெயர்கள் இவையும் வேண்டும். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நாளையே போய்விடுங்கள்.